கிடங்குச் சுவருக்கும் வேலிக்கும் காம்போசிட் மறைப்புப் பலகை: வணிகர்கள் அறிய வேண்டியவை

கிடங்கின் பின்சுவரை மறைப்பது நமக்குப் புதிய வேலை அல்ல. சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே மூங்கில் வரிச்சுக் கட்டி, முடைந்த தென்னங்கீற்றை வைத்துக் கட்டினால் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு ஓடும். மழைக்காலம் முடிந்ததும் பிரித்து மாற்றுவோம். செலவு குறைவு, ஆள் உள்ளூர், சாமான் உள்ளூர். பிறகு கீற்று மேல் பயம் வந்தது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளியில் கூரைக் கீற்றில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டதை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மிச்சமிருந்த தட்டிகளும் பறந்தன. தகர ஷீட் அடித்தவர்களுக்குக் கடற்காற்றில் துரு. அப்படித்தான் இப்போது காம்போசிட் பலகை, அதாவது டபிள்யூ.பி.சி. பலகை, நம் ஊர்ச் சுவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பார்வைக்கு மரம் போல இருக்கிறது. கரையான் அரிக்காது, வருடா வருடம் பெயிண்ட் வேண்டாம் என்கிறார்கள். வரிவரியாகப் பள்ளம் உள்ள பலகையில் நோட்டீஸ் சரியாக ஒட்டாது என்பது நம் போன்ற கடைத்தெருக்காரர்களுக்குக் கூடுதல் லாபம். இவ்வளவும் பெரும்பாலும் உண்மையே. ஆனால் விற்பவர் மாதிரி அட்டையைக் காட்டி நிறத்தைத்தான் பேசுகிறார். உப்புக்காற்று, புயல், எலி, சுவர் ஈரம் ஆகிய நான்கும் மளிகைக் கிடங்கு வைத்திருக்கும் நமக்குத்தான் தெரியும். ஆகவே இந்தப் பாடத்தை அந்த நான்கையும் வைத்தே எழுதுகிறேன்.

பலகை எதனால் ஆனது

மரத்தூளையோ, மூங்கில் தூளையோ, உமித் தூளையோ பிளாஸ்டிக்கோடு கலந்து சூடாக்கி அச்சு வழியே தள்ளி எடுப்பதே காம்போசிட் பலகை. பிளாஸ்டிக் என்பது சிலவற்றில் பாலிஎத்திலீன், சிலவற்றில் பி.வி.சி. நம் நாட்டில் இரண்டும் ஒரே பெயரில் விற்பனையாகின்றன. இது போதாதென்று, வீட்டுக்குள் டி.வி. பின்னால் ஒட்டும் மெல்லிய வரிப் பலகையையும் அதே பெயரில் விற்கிறார்கள். அது வெயிலுக்கு ஆனதே இல்லை. ஒரு கோடை கண்டால் வளைந்து விடும். வெளிச்சுவருக்கு என்று தயாரித்தது, அதிலும் மேல்பக்கம் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை போர்த்தியது வேண்டும் என்று கேளுங்கள். வெட்டிய முனையைப் பார்த்தால் உறை தனி நிறமாகத் தெரியும்.

சொல்லை நம்பாமல் சோதித்து வாங்கும் வழி நம் கடையிலேயே இருக்கிறது. ஓர் அடி நீளத் துண்டு கேட்டு வாங்குங்கள். மின்னணுத் தராசில் நிறுத்து எழுதி வைத்து, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பகல் ஓர் இரவு ஊறப் போடுங்கள். எடுத்து, துடைத்து, மறுபடி நிறுங்கள். எடை நூற்றுக்கு ஒன்று, இரண்டு ஏறினால் சரி. நாலு, ஐந்து ஏறினால் மரத்தூள் அதிகம், பிணைப்புக் குறைவு என்று வைத்துக்கொண்டு அந்தச் சரக்கை விட்டு விடுங்கள். பிறகு அதே துண்டிலிருந்து ஒரு சீவல் எடுத்து வெட்டவெளியில் இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். நெருப்பை எடுத்ததும் தானே அணைந்தால் பி.வி.சி. வகை. எரிந்துகொண்டே சொட்டினால் பாலிஎத்திலீன் வகை. (பி.வி.சி. புகை நல்லதல்ல. மூக்கருகே வைத்துப் பார்க்க வேண்டாம்.)

கடை முகப்புக்கு ஏ.சி.பி. ஷீட் போட்டவர்கள் மிச்சமான ஷீட்டை வேலியிலும் அடிப்பதைப் பார்க்கிறேன். ஏ.சி.பி. என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டின் நடுவே பிளாஸ்டிக் வைத்த சாண்ட்விச். நடுவில் வெறும் பாலிஎத்திலீன் இருந்தால் அது எப்படி எரியும் என்பதை லண்டன் கிரென்ஃபெல் டவர் உலகத்துக்குக் காட்டியது. 2017 ஜூன் 14ஆம் தேதி நடந்த அந்தத் தீயில் 72 பேர் இறந்தார்கள். அது 24 மாடி, நம்முடையது ஆறடிச் சுவர் என்று சொல்லலாம். ஆறடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப்பெட்டியும் அடுக்கியிருப்பவர்கள் நாம்தானே? எந்தப் பலகையானாலும் மின்வாரிய மீட்டர், மெயின் சுவிட்ச், ஜெனரேட்டர் புகைக்குழாய் ஆகியவற்றிலிருந்து குறைந்தது மூன்றடி விட்டு நிறுத்துங்கள். குப்பை கொளுத்தும் பழக்கம் உள்ள சந்துப் பக்கத்தில் கீழ் இரண்டு அடிக்குப் பலகையே வேண்டாம், சிமெண்டுப் பூச்சே போதும்.

முதலில் சுவர்

கடலூர் முதுநகர்ப் பக்கம் பழைய கிடங்குகள் பல சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். கடலோர ஈரமும் உப்பும் ஏறி, அடியில் இரண்டு மூன்று அடிக்குப் பூச்சு பொரிந்து வெள்ளை பூத்திருக்கும். அந்த அசிங்கத்தை மறைக்கத்தான் பலர் பலகை தேடுகிறார்கள். இதில்தான் மளிகைக்காரர்களுக்கு நஷ்டம் வருகிறது. காற்றுப் படும்வரை அந்த ஈரம் வெளிப்பக்கமாக உலர்ந்து கொண்டிருந்தது. வெளியே பலகையை ஒட்டி மூடினால் ஈரத்துக்கு வழி உள்பக்கம்தான். உள்ளே இருப்பது சர்க்கரை மூட்டையும் வெல்லமும் புளியும். மூட்டையின் சுவர்ப் பக்கம் கசிந்து கட்டி தட்டிய பிறகு, சரக்கு அனுப்பிய மண்டியைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஆகவே பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காய விடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்தால் அதற்கு முதலில் குழாய் வையுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று ஓட இடம் வேண்டும். அந்த இடம் கீழும் மேலும் திறந்திருக்க வேண்டும். இது செய்ய மனம் இல்லாதவர்கள் பலகை வாங்காமல் இருப்பதே சிக்கனம்.

சுவரின் கனத்தையும் பாருங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஆணியைத் தாங்கும். நாலரை அங்குலக் காம்பவுண்டுச் சுவரில், நடுநடுவே தூண் இருந்தால், சட்டத்தைத் தூணோடு பிடிப்பது உத்தமம். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஹாமர் டிரில் வைத்து அடித்தால் செங்கல்லே ஆட்டம் காணும். அதில் அடிக்காமல் சுழற்றி மட்டும் துளை போடச் சொல்லி, சுவருக்கு மறுபக்கம் வாஷர் வைத்து முடுக்கும் நீள போல்ட் போட வேண்டும்.

கணக்கு

வெளிச்சுவர்ப் பலகைகளில் அதிகம் புழங்குவது ஒன்பதரை அடி நீளம், எட்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஓர் அங்குலக் கனம். ஒன்றன் நாக்கு மற்றதன் பள்ளத்தில் செருகிக்கொள்வதால் சுவரில் தெரியும் அகலம் எட்டேகால் அங்குலம் என்று வைத்துக் கொள்வோம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீங்கள் வாங்குவதை அளந்து கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு 60 அடி நீளம், 6 அடி உயரச் சுவர். பலகையைக் குறுக்காகப் படுக்க வைத்தால், 72 அங்குலத்தை எட்டேகாலால் வகுக்க ஒன்பது வரிசை. ஒரு வரிசைக்கு ஆறு முழுப் பலகை 57 அடி, மிச்சம் மூன்றடித் துண்டு. ஒரு பலகையில் மூன்று துண்டு கிடைக்கும். ஆக 54 முழுப் பலகையும், துண்டுகளுக்கு 3 பலகையும், மொத்தம் 57. சேதாரத்துக்கு மூன்று சேர்த்து 60 வாங்கலாம்.

அதே சுவருக்குப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால்? 720 அங்குலத்தை எட்டேகாலால் வகுக்க 88 பலகை. ஒவ்வொன்றிலும் ஆறடி போக மூன்றரை அடி வீண். கடைக்காரர் செங்குத்தாகத்தான் அழகு என்பார். அவருக்கு 28 பலகை அதிகம் விற்கிறது, அழகாகத்தான் இருக்கும். செங்குத்தே வேண்டும் என்பவர்கள் நாலே முக்கால் அடி உயரத்தோடு நிறுத்தினால் ஒரு பலகையில் சரியாக இரண்டு துண்டு, வீண் ஒன்றும் இல்லை. சுவரின் மீதிக்குச் சாதாரண வெள்ளை போதும். சதுர அடிக் கணக்கில் விலை பேசுகிறவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சுவரின் சதுர அடி வேறு, நீங்கள் தூக்கி வரும் பலகையின் சதுர அடி வேறு.

இனிச் சட்டம். மர ரீப்பர் வேண்டாம். பலகையைக் கரையான் தொடாது என்பதற்காக உள்ளே கரையானுக்குத் தனியாக விருந்து வைக்கக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. சதுரக் குழாயோ அலுமினியக் குழாயோ போடலாம். பலகை படுத்திருந்தால் சட்டம் நிற்க வேண்டும். மழைத் தண்ணீரும் காற்றும் தடையின்றி மேலும் கீழும் போக இதுவே வசதி. பலகை நின்றால் சட்டம் படுக்கும். அப்போது சட்டத்தை ஒரே நீளமாக ஓட்டாமல் ஆறடிக்கு ஓரிடத்தில் இரண்டு அங்குலம் வெட்டு விட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சட்டத்தின் மேல் தேங்கும்.

சட்டத்துக்குச் சட்டம் எவ்வளவு தூரம்? பலர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அடி என்கிறார்கள். நம் வெயிலில் பலகை நடுவில் தொய்ந்து விடும். பதினாறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வெறும் பதினாறு அங்குலம் என்று அடித்துக்கொண்டே போனாலும் தொல்லைதான். ஒன்பதரை அடி என்பது 114 அங்குலம். பதினாறால் வகுபடாது. பலகை முடியும் இடத்தில் சட்டம் இருக்காது. 114ஐ எட்டாகப் பிரித்தால் பதினாலேகால் அங்குலம். அந்த அளவில் நட்டால் ஒவ்வொரு பலகை முடிவும் சட்டத்தின் மேல் வரும். 57 அடிக்கு 48 இடைவெளி, 49 சட்டம். கடைசி மூன்றடிக்கு அடிக்கொன்றாக மூன்று. ஆக 52. பலகை பலகையைச் சந்திக்கும் ஆறு இடங்களில் இரட்டைச் சட்டம் வேண்டும், அதற்கு ஆறு. மொத்தம் 58. இருபது அடிக் குழாயில் ஆறடித் துண்டு மூன்று வருவதால் 20 குழாய். சட்டத்துக்கு நான்கு வீதம் 232 ஆங்கர். ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கிளிப் என்றால் 522 கிளிப். மேஸ்திரி "ஒரு முந்நூறு வாங்குங்க அய்யா, போதும்" என்று சொன்னால் எந்த இடத்தில் விட்டுவிடப் போகிறார் என்று கேளுங்கள்.

சுவர் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று அறிய ஒரு பலகையைத் தராசில் வைத்து எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். குழாய்க்கும் அப்படியே. பில் வாங்குவது பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கட்டடத்தோடு சேர்த்து முதலீட்டுக் கணக்கில் ஏற்றும் வேலைக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. வரி போக என்ன விலை என்று மனக்கணக்குப் போடாமல் மொத்தத்தையும் செலவாகவே பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை.

பொருத்தும் முறை

தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு ரசமட்டம் வைத்து நூல் கட்டுங்கள். தரை மட்டம் சரிவாக இருந்தாலும் பலகை மட்டமாகத்தான் போக வேண்டும். சட்டங்களைத் தூக்குக்குண்டு பார்த்து நட்டு, சுவர் மேடுபள்ளமாக இருக்கும் இடத்தில் பின்னால் தகட்டுத் துண்டு வைத்துச் சமன் செய்யுங்கள். சட்டம் வளைந்தால் பலகையும் வளைந்தே நிற்கும், பிறகு எந்த ஆசாரியாலும் நேராக்க முடியாது. குழாயை வெட்டிய முனையில் துத்தநாகப் பூச்சு இராது. ஜிங்க் பிரைமர் இரண்டு கை பூசி விட்டுத்தான் நட வேண்டும். துரு எப்போதும் வெட்டிய முனையில்தான் தொடங்கும்.

ஸ்குரு விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். கறுப்பு ஸ்குரு கடலூரில் ஒரு மழைக்காலம் தாங்காது, பலகையில் துருக்கோடு இறங்கும். தேவனாம்பட்டினம், முதுநகர் போலக் கடலுக்கு அருகில் உள்ளவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 என்ற தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிதம்பரத்தில் 304 போதும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு ஸ்குரு கூடவே கூடாது. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்னும்.

அடுத்தது வெயில். பிளாஸ்டிக் கலந்த பொருள் சூட்டில் நீளும். மார்கழி விடியலுக்கும் சித்திரை உச்சி வெயில் பட்ட கரும்பலகைக்கும் நாற்பது டிகிரி வித்தியாசம் இருக்கலாம். ஒன்பதரை அடிப் பலகை அதில் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் நீளும். ஆகையால் பலகைக்குப் பலகை இரண்டு நூல் இடைவெளி விட்டு, அதன் மேல் மூடுபட்டை வையுங்கள். பலகையின் நடுச் சட்டத்தில் மட்டும் ஸ்குருவை இறுக்கிப் பிடித்து, மற்ற இடங்களில் கிளிப் பலகையை நழுவ விட வேண்டும். எல்லா இடத்திலும் இறுக்கி, இடைவெளியில் சிலிக்கான் அடைத்து விட்டால் அந்தப் பலகை சித்திரையில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். நிறத்திலும் இதே காரணத்துக்காக இளநிறமே நல்லது. மேற்கு பார்த்த சுவருக்குக் கரும்பழுப்பு வேண்டவே வேண்டாம்.

மேல் விளிம்பில் அலுமினிய மூடி ஒன்று, சுவரிலிருந்து அரை அங்குலம் தூக்கி, மழை உள்ளே இறங்காமல் வெளிப்பக்கம் சாய்வாக இருக்கட்டும்.

எலி

இதைப் பலகைக் கம்பெனிக்காரர் எவரும் சொல்ல மாட்டார். காற்று ஓட நாம் விட்ட அந்த ஓர் அங்குல இடம், எலிக்குக் கட்டிக் கொடுத்த நெடுந்தெரு. வெயில் இல்லை, பூனை இல்லை, கிடங்கு பக்கத்திலேயே. சுண்டெலிக்கு அரை அங்குல ஓட்டையே போதும். தவிட்டு மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் அங்கிருந்தே படியளக்கும். கீழேயும் மேலேயும் உள்ள திறப்பைக் கால் அங்குலக் கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையால் அடைக்க வேண்டும். காற்றுப் போகும், எலி போகாது. கொசுவலையும் நைலான் வலையும் பயன்படாது, கடித்து விடும். வலையைப் பலகையோடு பிடிக்காமல் சட்டத்தோடு பிடியுங்கள். ஓரங்களில் பலகை முடியும் இடத்திலும், குழாய் நுழையும் இடத்திலும் மறக்காமல் அடையுங்கள். பலகையின் உள்ளே நீளவாட்டில் குழல் போல ஓட்டை இருந்தால் அதன் இரு முனைக்கும் மூடி உண்டு, கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்துப் பிரித்துப் பார்க்கும்போது உள்ளே பெருச்சாளி குடும்பம் நடத்தியிருக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி வந்து எலிப் புழுக்கையைப் பார்த்தால் பலகையின் அழகு நம்மைக் காப்பாற்றாது.

வேலியில் பொருத்துவது

சுவருக்கு மேல் போர்த்துவது ஒரு வேலை. கம்பி வலை வேலியில் பலகை அடிப்பது முற்றிலும் வேறு வேலை. இதைப் பிரித்துப் பார்க்காதவர்களால்தான் உயிருக்கே ஆபத்து. கம்பி வலையில் காற்று புகுந்து போய் விடும். அதில் பலகை அடைத்தவுடன் அது பாய்மரம்.

காற்றின் அழுத்தத்துக்கு எளிய கணக்கு உண்டு. காற்றின் வேகத்தை, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை, அதே எண்ணால் பெருக்கி 2,280ஆல் வகுத்தால், சதுர அடிக்கு இத்தனை கிலோ என்று கிடைக்கும். தானே கரை கடந்தபோது காற்று 120இலிருந்து 140 கிலோமீட்டர். 140ஐ 140ஆல் பெருக்க 19,600. அதை வகுக்க எட்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். எட்டடிக்கு ஒரு தூண், ஆறடி உயரம் என்றால் 48 சதுர அடி. ஒரு தூண் தாங்க வேண்டியது சுமார் 413 கிலோ. ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை எட்டைக் கயிற்றில் கட்டி, தூணின் நடுவில் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். காற்று பாதியாக, 70 கிலோமீட்டராக இருந்தால் பாரம் பாதி ஆகாது, கால் பங்கு ஆகும். இருமடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு பாரம். கட்டடப் பொறியாளர்கள் பின்பற்றும் இந்திய தரநிலையில் நமக்குப் பக்கத்துப் புதுச்சேரிக்குக் குறித்திருக்கும் வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்றுக்கு அதே தூணின் மேல் 680 கிலோ. முழங்கால் ஆழத்தில் நட்ட கருங்கல் தூண் இதற்கு நிற்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதிலும் மோசமானது சுவருக்கு மேல் இரண்டடி தூக்கிப் பலகை வைப்பது. ஐந்தடிச் சுவர், மேலே இரண்டடிப் பலகைதானே என்று தோன்றும். ஓர் அடி நீளத்துக்குக் கணக்குப் பார்ப்போம். தானே காற்றில் சுவரின் மேல் 43 கிலோ, அது சுவரின் நடுவில், இரண்டரை அடி உயரத்தில் தள்ளுகிறது. பெருக்கினால் 107. பலகை மேல் 17 கிலோதான், ஆனால் அது ஆறடி உயரத்தில் தள்ளுகிறது. பெருக்கினால் 103. ஆக அந்த இரண்டடி, சுவரைச் சாய்க்கும் விசையை ஏறக்குறைய இருமடங்காக்கி விடுகிறது. நாலரை அங்குலச் சுவர் தெருப்பக்கம் விழுந்தால் கீழே போகிறவர் யார் என்று தெரியாது. பழைய சுவருக்கு மேல் உயர்த்துவதானால் புதிதாகத் தரையிலிருந்து இரும்புத் தூண் நட்டு அதில் பிடியுங்கள், சுவரின் தலையில் ஏற்றாதீர்கள்.

வேலிக்கு என் யோசனை இரண்டு. ஒன்று, முழுவதும் அடைக்காத பலகை. பாதிக்குப் பாதி இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாக வைத்தால் தெருவில் நடப்பவருக்கு உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது, காற்றும் போகும். திருடனைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இதுவே நல்லது. முழு மறைப்புக்குப் பின்னால் ஏறிக் குதித்தவன் விடியும்வரை நிதானமாகப் பூட்டை அறுக்கலாம், தெருவிலிருந்து யாரும் பார்க்க முடியாது.

இரண்டாவது, கழற்றி எடுக்கும் பலகை. நம் தாத்தா காலத்துக் கடைகளுக்கு ஷட்டர் கிடையாது. எண் எழுதிய பலகைகளை வரிசையாகக் கீழும் மேலும் உள்ள காடியில் செருகிக் கடையை அடைத்தார்கள். அதே முறைதான். தூணின் இரு பக்கமும் காடி உள்ள இரும்பு அல்லது அலுமினியச் சட்டம், அதில் பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவது. மேலே ஒரு பூட்டுப் பட்டை. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு எண் ஏறுகிறது என்று செய்தி வந்ததும் இரண்டு ஆட்கள் பலகையை உருவிக் கிடங்குக்குள் அடுக்கி விடலாம். தூண் மட்டும் நிற்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. பலகைக்கு எண் எழுதி வைத்தால் திரும்பப் போடச் சுலபம். இந்த முறையில் ஓட்டை போடும் வேலையும் குறைவு, ஒரு பலகை உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

தூணுக்குக் குழி கடலூர்ப் பக்க மணலில் மூன்றடி ஆழமாவது போக வேண்டும், சுற்றிலும் கான்கிரீட். சிதம்பரம் பக்கம் களிமண். கோடையில் வெடித்து மழையில் இளகும். புயல் வருவது மழையோடுதான், மண் இளகிய நேரத்தில்தான் காற்றும் அடிக்கும். அங்கே ஆழத்தோடு அகலமும் கூட்ட வேண்டும். இருபது அடிக்கு மேல் வேலி என்றால் ஒரு பொறியாளரை அழைத்துத் தூண் அளவு கேட்பது மிகையான செலவு அல்ல. ஏற்கெனவே உள்ள கருங்கல் தூணில் துளை போட்டால் பிளக்கும், சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டை போடுங்கள்.

வெள்ளத்தையும் ஒரு வார்த்தை சொல்லி விடுகிறேன். 2015 நவம்பரிலும், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோதும் தண்ணீர் எங்கே வந்தது என்று உங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வடியும் பக்கத்து வேலியில் அடி ஒன்றரை அடிக்குப் பலகை வேண்டாம், கம்பி வலையே இருக்கட்டும். வெள்ளம் வடிந்தபின் சுவர்ப் பலகையின் கீழ் வரிசையைக் கழற்றி, உள்ளே தங்கிய சேற்றைக் கழுவ வேண்டும். அதற்காகக் கீழ் வரிசையை மட்டும் கிளிப் இல்லாமல், வெளியே தெரியும் ஸ்குருவில் பிடித்து வைப்பது நல்லது.

சில்லறை விஷயங்கள்

வாடகைக் கடையானால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், காலி செய்யும்போது பலகை யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதி விடுங்கள். பொதுச்சுவரானால் பக்கத்துக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள், ஆங்கர் துளை அவர் பக்கம் வெடிப்புக் காட்டினால் வீணான மனஸ்தாபம். உயரம் கூட்டுவதாக இருந்தால் கடலூரில் மாநகராட்சியிலும் சிதம்பரத்தில் நகராட்சியிலும் விசாரித்து விட்டுத் தொடங்குங்கள். சிதம்பரம் தேரோடும் வீதிகளில் தெருப்பக்கம் ஓர் அங்குலம்கூட நீட்ட வேண்டாம். ஆனியிலும் மார்கழியிலும் கழற்றச் சொன்னால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவுங்கள். ஆசிட் வேண்டாம், இரும்பு நார் வேண்டாம், சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். ஐப்பசி பிறக்கும் முன் ஒருநாள் ஒவ்வொரு கிளிப்பையும் கையால் அசைத்துப் பாருங்கள், அடி வலையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நாக்கும் பள்ளமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், பிற்பாடு வேறு பலகை இதில் சேராது. ஆகவே வாங்கும்போதே நாலு பலகையும் ஐம்பது கிளிப்பும் கூடுதலாக வாங்கிக் கிடங்கின் பரணில், படுக்கை வாக்கில், கீழே நாலைந்து இடத்தில் கட்டை கொடுத்து வையுங்கள். சாய்த்து நிறுத்தினால் வளைந்து விடும்.